டெக்சாஸ் அரசியல் சட்டம்: ஒரு கவுன்டி பொருளாளர் பதவிக்கு மாநிலம் முழுக்க ஏன் வாக்களிக்கிறது?

நிலா_ஃபிரிஸ்கோ | நவம்பர் 8, 2023

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் குடியுரிமை கிடைத்தது. நேற்று நடந்ததுதான் நான் வாக்களித்த முதல் நவம்பர் தேர்தல். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இல்லை. 14 அரசியல் சட்டத் திருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆதரவா எதிர்ப்பா என்று கேள்வி. 13 நிறைவேறிவிட்டன. நீதிபதிகளின் கட்டாய ஓய்வு வயதை 75-லிருந்து 79 ஆக்கும் 13-வது முன்மொழிவு மட்டும் தோற்றது.

எனக்குப் புரியாதது 12-வது முன்மொழிவு. கால்வெஸ்டன் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போன்றது) பொருளாளர் பதவியை ஒழிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கால்வெஸ்டன் கடற்கரையில் இருக்கிறது, இங்கிருந்து ஐந்து மணி நேரக் கார் பயணம். அந்தப் பொருளாளர் யார், என்ன வேலை செய்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னை எதற்குக் கேட்கிறார்கள்?

கொஞ்சம் தேடியதில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறதாம். உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலராம். மூன்று கோடிப் பேர் வாழும் மாநிலத்தை அப்போது நடத்துவது யார்? இங்கே பல வருடம் இருப்பவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பிரேசோஸ்_ராகவன் | நவம்பர் 8, 2023

வாழ்த்துகள் நிலா. முதல் தேர்தலிலேயே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

சின்னப் பதில்: கவுன்டி பொருளாளர், கவுன்டி சர்வேயர், ஷெரிஃப் எல்லாம் டெக்சாஸ் அரசியல் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்ட பதவிகள். அதனால் ஒரே ஒரு கவுன்டியில் எடுக்க வேண்டுமென்றாலும் திருத்தம் தேவை. திருத்தத்துக்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அப்புறம் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். தோலையும் கால்நடைகளையும் பார்வையிடும் ஆய்வாளர் என்று ஒரு பதவி அதில் இருந்தது. மாட்டு மந்தைகள் நிறைந்திருந்த 19-ஆம் நூற்றாண்டின் எச்சம். அதை அரசியல் சட்டத்திலிருந்து நீக்க 2007-ல் மாநிலமே வாக்களித்தது. நேற்றைய 13-ஐயும் சேர்த்தால் 1876 முதல் இதுவரை 530 திருத்தங்கள் ஆகிவிட்டன. நாடு முழுமைக்குமான அமெரிக்க அரசியல் சட்டத்தில் 27 தான்.

இவ்வளவு சின்ன விஷயங்களை ஏன் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள் என்று கேட்டால், ஒரு மனிதர் மீது இருந்த பயத்திலிருந்து தொடங்க வேண்டும். பெயர் எட்மண்ட் டேவிஸ்.

டெக்சாஸுக்கு இது முதல் அரசியல் சட்டம் இல்லை. மெக்சிகோவின் கீழ் கோவாஹுவிலா மாநிலத்தோடு சேர்ந்திருந்தபோது 1827-ல் ஒன்று. தனிக் குடியரசானபோது 1836-ல் இரண்டாவது. பிரேசோஸ் ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 59 பேர் கூடி, மார்ச் 2 அன்று சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றார்கள். அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, மார்ச் 6 அன்று, அலமோ கோட்டை வீழ்ந்தது. 1845-ல் அமெரிக்காவோடு இணைந்ததும் மூன்றாவது. 1861-ல் தென் மாநிலக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது நான்காவது. அந்தக் கூட்டமைப்பு உள்நாட்டுப் போரில் தோற்றபின் 1866-ல் ஐந்தாவது. மத்திய அரசின் மறுசீரமைப்புச் சட்டங்களின் கீழ் 1869-ல் ஆறாவது.

இந்த ஆறாவதுதான் கதையின் மையம். அதில் ஆளுநருக்கு நான்கு வருடப் பதவிக்காலம், 5,000 டாலர் ஆண்டுச் சம்பளம், நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரம். சட்டமன்றம் ஆண்டுதோறும் கூடும். 1869 தேர்தலில் குடியரசுக் கட்சியின் டேவிஸ் ஏறத்தாழ 800 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மாநிலப் போலீஸ் என்று ஒரு படையை அமைத்து அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார். தேவைப்பட்டபோது சில கவுன்டிகளில் ராணுவச் சட்டத்தையும் பிரகடனம் செய்தார்.

1873 டிசம்பரில் மறுபடி தேர்தல். ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் கோக் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாக்கு வாங்கி டேவிஸைத் தோற்கடித்தார். அப்புறம் நடந்ததைத்தான் டெக்சாஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஹூஸ்டன் பக்கம் இரண்டு முறை வாக்களித்ததாகக் கைதான ஒருவரின் வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1869 அரசியல் சட்டத்தில் ஒரு வாக்கியம்: சட்டம் வேறு விதமாக வகுக்கும் வரை தேர்தல்கள் கவுன்டி தலைநகரில் நடக்க வேண்டும், வாக்குச்சாவடி நான்கு நாட்கள் திறந்திருக்க வேண்டும். நடுவில் ஓர் அரைப்புள்ளி. 'வேறு விதமாக வகுக்கும் வரை' என்ற சலுகை அரைப்புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதிக்கு மட்டுமே, நான்கு நாள் என்பதைச் சட்டமன்றம் மாற்ற முடியாது, ஒரே நாளில் நடந்த இந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த நீதிமன்றத்துக்கே 'அரைப்புள்ளி நீதிமன்றம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

தீர்ப்பை ஜனநாயகக் கட்சியினர் மதிக்கவில்லை. 1874 ஜனவரியில் ஆஸ்டின் சட்டமன்றக் கட்டடத்தின் மேல்தளத்தைப் பிடித்துக்கொண்டு கோக்குக்குப் பதவிப்பிரமாணம் செய்து வைத்தார்கள். கீழ்தளத்தில் டேவிஸும் ஆயுதம் தாங்கிய அவரது ஆட்களும். ஒரே கட்டடத்தில் இரண்டு ஆளுநர்கள். தன்னைக் காக்க டேவிஸ் வரவழைத்த உள்ளூர்த் துப்பாக்கிப் படையே கோக் பக்கம் சாய்ந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்து ராணுவ உதவி கேட்டார், அதிபர் கிராண்ட் மறுத்துவிட்டார். ஜனவரி 19 அன்று டேவிஸ் விலகினார். அதன்பின் இந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் பதவியேற்க 1979 ஆனது.

1875 செப்டம்பரில் 90 பேர் கூடினார்கள், 75 பேர் ஜனநாயகக் கட்சி. ஏறத்தாழ 40 பேர் கிரேன்ஜ் என்ற விவசாயிகள் இயக்கத்தவர். அரசாங்கத்தை வெட்டிச் சுருக்குவதுதான் அவர்கள் நோக்கம். செலவு மிச்சம் என்று நடவடிக்கைகளை எழுத ஒரு சுருக்கெழுத்தாளரைக்கூட வைக்கவில்லை. ஆளுநர் சம்பளம் 4,000 ஆனது, பதவிக்காலம் இரண்டு வருடம். நீதிபதிகள் எல்லோரும் இனித் தேர்தல் வழியே. சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. உறுப்பினருக்கு முதல் 60 நாட்களுக்குத் தினம் 5 டாலர் வரை, அதற்கு மேல் உட்கார்ந்தால் 2 டாலர். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று பொருள். 1876 பிப்ரவரியில் மக்கள் அதை ஏற்றார்கள். நேற்று நீங்கள் வாக்களித்தது அதே சட்டத்துக்குத்தான்.

சுந்தரி_டீச்சர் | நவம்பர் 8, 2023

ராகவன் சார் சொன்ன சம்பவங்கள் எல்லாம் சரி. ஆனால் இந்தக் கதையை டேவிஸ் கொடுங்கோலர், விவசாயிகள் வந்து காப்பாற்றினார்கள் என்று மட்டும் வாசித்துவிடக் கூடாது. நான் பல வருடமாக இங்கே அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அந்தப் போலீஸ் யாரைப் பாதுகாத்தது என்பதுதான்.

போர் முடிந்து விடுதலையான கறுப்பின மக்களைக் கொல்வது அன்றைய டெக்சாஸில் அன்றாடச் செய்தி. உள்ளூர் ஷெரிஃப்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். மாநிலப் போலீஸ் படையில் கறுப்பினத்தவரும் சேர்க்கப்பட்டார்கள். வெள்ளையரைக் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது என்பதே அந்தப் படை மீது பலருக்கு இருந்த வெறுப்பின் பெரிய பகுதி. படையில் அத்துமீறல்களும் நடந்தன, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் இன்னொன்று. 1869 சட்டம் மாநிலம் முழுக்க ஒரே கல்வி அமைப்பு, அதற்கு ஒரு கண்காணிப்பாளர், வரிப்பணம் என்று ஏற்பாடு செய்தது. 1876-ல் அதைப் பிரித்துப் போட்டார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பள்ளி என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த வரி நீக்கப்பட்டது 1969-ல். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் தீர்ப்பு வந்து 15 வருடம் கழித்து!

சிறிய அரசாங்கம் வேண்டும் என்று சொன்னவர்களின் கணக்கில் எந்தக் குழந்தையின் பள்ளி முதலில் சிறியதானது என்று பார்த்தால்தான் இந்தச் சட்டம் முழுதாகப் புரியும்.

கேட்டி_குமார் | நவம்பர் 9, 2023

டீச்சர் சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் குறையாகவே பேசுகிறார்கள், எனக்கு அது பலமாகத் தெரிகிறது. அதிகாரம் ஒருவர் கையில் சேரக் கூடாது என்பது நல்ல எண்ணம் இல்லையா?

இங்கே ஆளுநர் தன் அமைச்சரவையைத் தானே அமைக்க முடியாது. துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், நிதி பார்க்கும் கம்ப்ட்ரோலர், அரசு நிலங்களுக்கான ஆணையர், விவசாய ஆணையர் எல்லோரும் தனித்தனியே மக்களிடம் வாக்கு வாங்கி வருகிறார்கள். ஆளுநரால் அவர்களைப் பதவி நீக்க முடியாது. அரசியல் சட்டம் பெயர் சொல்லும் மேல்நிலை நிர்வாகப் பதவிகளில் அவர் நேரடியாக நியமிப்பது மாநிலச் செயலரை மட்டும்தான், அதற்கும் செனட் ஒப்புதல் வேண்டும். தவறு செய்தால் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

சட்டமன்றமும் அப்படித்தான். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி இரண்டாவது செவ்வாய் தொடங்கி 140 நாள். மே இறுதியில் மூட்டை கட்டிவிட வேண்டும். உறுப்பினர்கள் வருடத்தின் மற்ற நாட்களில் மருத்துவராகவோ பண்ணை வைத்தோ கடை நடத்தியோ பிழைக்கிறார்கள். முழுநேர அரசியல்வாதிகளால் நிரம்பிய மாநிலங்களில் வரி எவ்வளவு என்று நமக்கெல்லாம் தெரியும். வருமான வரி கூடாது என்று 2019-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டோம். நம் ஆட்கள் கலிபோர்னியாவிலிருந்து இங்கே வீடு மாற்றி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரேசோஸ்_ராகவன் | நவம்பர் 9, 2023

குமார், நீங்கள் சொல்லும் நோக்கம் எனக்கும் பிடித்ததுதான். ஒரே ஆள் கையில் எல்லாம் சேரக் கூடாது. எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. 1875-ல் அதிகாரத்தைத் துண்டு போட்டார்கள், ஆனால் துண்டுகள் போட்ட இடத்தில் கிடக்கவில்லை. அரசியல் சட்டம் அதிகம் பேசாத இடங்களுக்கு நகர்ந்துவிட்டன.

முதலில் துணை ஆளுநர். அரசியல் சட்டத்தைப் படித்தால் அவர் செனட் தலைவர், வாக்கு சமமானால் வாக்களிப்பார், அவ்வளவுதான். ஆனால் எந்தக் குழுவில் யார், எந்த மசோதா எந்தக் குழுவுக்கு, எது விவாதத்துக்கு வரும் என்று முடிவு செய்வது அவர். அது 31 செனட்டர்களும் தாங்களே வகுத்துக்கொண்ட விதிகள் கொடுத்த அதிகாரம். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவர்களால் அதைத் திரும்பப் பெற முடியும், பெறுவதில்லை. 1949-ல் உருவான பட்ஜெட் வாரியத்துக்கு அவரும் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரும் கூட்டுத் தலைவர்கள், அதனால் பட்ஜெட்டின் முதல் வரைவே அவர் கையைத் தாண்டித்தான் வருகிறது. 1990-களில் பாப் புல்லக் துணை ஆளுநராக இருந்த காலத்தில், மாநிலத்தின் உண்மையான அதிகாரம் அவர் அறையில்தான் என்று வெளிப்படையாகவே பேசினார்கள்.

செனட்டில் ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 21 பேர் சம்மதிக்க வேண்டும் என்ற வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. சிறுபான்மைக் கட்சிக்கு அதுதான் பிடி. 2015-ல் அதை 19 ஆக்கினார்கள், 2021-ல் 18. இந்த 2023-ல் செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 19 இடம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. கால்வெஸ்டன் பொருளாளருக்கு நிலாவைக் கேட்டவர்கள் இதற்கு யாரையும் கேட்கவில்லை.

அடுத்து ஆளுநர். பலவீனமானவர் என்று பாடப்புத்தகம் சொல்லும். வாரியங்களுக்கு உறுப்பினர்களை அவர் நியமிக்கிறார், பெரும்பாலும் ஆறு வருடப் பதவி, ஒரே நேரத்தில் காலியாகாதபடி அடுக்கடுக்காக. இரண்டு வருடம் மட்டும் இருக்கும் ஆளுநரால் ஒரு வாரியத்தைக்கூட நிரப்ப முடியாது. 1972-ல் பதவிக்காலத்தை நான்கு வருடமாக்கினார்கள். எத்தனை முறை போட்டியிடலாம் என்று வரம்பு இல்லை. ரிக் பெர்ரி 2000 டிசம்பர் முதல் 2015 ஜனவரி வரை, 14 வருடம் இருந்தார். எல்லா வாரியமும் அவர் ஆட்கள். பதவிக்காலத்தைத் தவிர சட்டத்தில் பெரிதாக எதுவும் மாறாமலேயே பலவீனமான ஆளுநர் பலசாலி ஆனார்.

வீட்டோ இன்னொரு கதை. 140 நாள் கூட்டத்தொடரில் பெரும்பாலான மசோதாக்கள் கடைசி நாட்களில்தான் நிறைவேறும். கூட்டம் கலைந்தபின் ஆளுநருக்கு 20 நாள் அவகாசம். அந்த 20 நாளில் அவர் நிராகரித்தால், அதை மீறிச் செல்லச் சட்டமன்றமே கூடியிருக்காது. கடைசியாக ஆளுநரின் வீட்டோவைச் சட்டமன்றம் முறியடித்தது 1979-ல். செலவு குறையட்டும் என்று கூட்டத்தைச் சுருக்கிய விவசாயிகள் ஆளுநர் கையில்தான் ஆயுதம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நீங்கள் சொன்ன 'தனித்தனியே பதில் சொல்ல வேண்டும்' என்பதற்கு 2021 பிப்ரவரியைப் பாருங்கள். பனிப்புயலில் மின்சாரம் போய் நாம் எல்லோரும் வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தோம். அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். மின்சாரம் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் கீழ், உறுப்பினர்களை நியமித்தவர் ஆளுநர். அந்த ஆணையத்தின் மூன்று பேரும் அடுத்த சில வாரங்களில் விலகினார்கள். ஆனால் மின்நிலையங்களுக்குப் போக வேண்டிய எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்து நின்றன. அவை ரயில்ரோடு கமிஷனின் கீழ். 1891-ல் ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்த உருவான அமைப்பு அது. இன்று ரயிலோடு எந்தத் தொடர்பும் இல்லை, எண்ணெயும் எரிவாயுவும்தான் அதன் வேலை. மூன்று பேர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஆறு வருடப் பதவி. அவர்களில் யாரும் விலகவில்லை. வாக்குச்சீட்டில் 'ரயில்ரோடு' என்று பார்த்து எத்தனை பேருக்குத் தன் வீட்டு ஹீட்டர் ஞாபகம் வரும்?

ஆஸ்டின்_மீரா | நவம்பர் 9, 2023

நீதிமன்றப் பக்கத்தை நான் சேர்க்கிறேன், என் தொழில் அது.

டெக்சாஸுக்கு இரண்டு உச்ச நீதிமன்றங்கள். சிவில் வழக்குகளுக்கு ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட். குற்ற வழக்குகளுக்கு வேறு ஒன்பது பேர் கொண்ட குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மரண தண்டனை வழக்குகளும் அங்கேதான் போகும். ஒன்றின் தீர்ப்பை மற்றது மாற்ற முடியாது. இன்னொரு மாநிலத்தில் மட்டும் இப்படி இருக்கிறது, பக்கத்திலுள்ள ஓக்லஹோமா. நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்கிறார்கள். தன் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களிடமே தேர்தல் நிதி வாங்கும் நிலை நீதிபதிக்கு வருகிறது. இது எனக்குப் பழகவே இல்லை.

ஆனால் இந்தப் பழைய அரசியல் சட்டம் ஓர் இடத்தில் பெரிய நன்மை செய்திருக்கிறது. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் ஏழை மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் வாழும் இடம். பள்ளிக்குப் பணம் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு மதிப்பு குறைந்த இடத்தில் பள்ளியும் ஏழைதான். அந்தப் பெற்றோர் மத்திய நீதிமன்றம் போனார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கைவிரித்தது, அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமை இல்லை என்றது. அப்புறம் மாநில நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 1876 சட்டத்தின் ஏழாவது பிரிவு, திறமாக இயங்கும் இலவசப் பொதுப்பள்ளி அமைப்பை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என்று சொல்கிறது. 1989-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இப்போதைய நிதி ஏற்பாடு அந்தக் கடமையை மீறுகிறது என்றார்கள். பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதி ஏழை மாவட்டங்களுக்குப் போகும் 1993 சட்டம் அதன் தொடர்ச்சிதான். எங்கள் ஆஸ்டின் மாவட்டம் ஒவ்வொரு வருடமும் கொட்டிக் கொடுக்கிறது. முணுமுணுப்பு உண்டு, எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சுந்தரி டீச்சர், எட்ஜ்வுட் குழந்தைகளைக் காப்பாற்றியதும் தனித்தனிப் பள்ளி என்று எழுதிய அதே சட்டத்தின் அதே ஏழாவது பிரிவுதான்.

இம்பீச்மென்ட், அதாவது சட்டமன்றமே குற்றம் சாட்டி விசாரித்துப் பதவி நீக்குவது, அது பற்றியும் ஒரு வார்த்தை. ஆளுநரால் நீக்க முடியாதவர்களை நீக்க இருக்கும் பெரிய வழி அது. 1917-ல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்கசன், தனக்குப் பிடிக்காத பேராசிரியர்களை டெக்சாஸ் பல்கலைக்கழகம் நீக்கவில்லை என்ற கோபத்தில் அதன் நிதி முழுவதையும் வீட்டோ செய்தார். சட்டமன்றம் அவரைக் குற்றம் சாட்டி, இனிப் பதவிக்கு வரக் கூடாது என்று தடை விதித்தது. 1924-ல் அவர் மனைவி மிரியம் போட்டியிட்டு ஆளுநரானார். ஒருவருக்கு வாக்களித்தால் இருவர் கிடைப்பார்கள் என்பதுதான் பிரசாரம். இந்த வருடம் மே மாதம் அட்டர்னி ஜெனரல் கென் பேக்ஸ்டன் மீது பிரதிநிதிகள் சபை 121-க்கு 23 என்று தீர்மானம் நிறைவேற்றியது, அவர் சொந்தக் கட்சியினர் பெரும்பாலோர் ஆதரவோடு. செப்டம்பரில் செனட் விடுவித்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கியது யார்? ராகவன் அண்ணா சொன்ன அதே துணை ஆளுநர்.

கேட்டி_குமார் | நவம்பர் 10, 2023

ராகவன் அண்ணா, பனிப்புயல் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். எங்கள் வீட்டுக் குழாய் வெடித்தது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றோம். ஆனால் அதற்குத் தீர்வு ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுப்பதா? 2021-ல் சட்டமன்றத்தின் சொந்த நிதியையே ஆளுநர் வீட்டோ செய்தார், கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை இல்லாதபடி ஜனநாயகக் கட்சியினர் வெளிநடப்பு செய்தார்கள் என்பதற்காக. இவ்வளவு குறைந்த அதிகாரத்திலேயே இப்படி என்றால், கூடுதலாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

இன்னொன்று, நம்மில் வீடு வாங்கிய எல்லோரும் இந்தச் சட்டத்தின் பலனை அனுபவிக்கிறோம். கடன்காரர் வந்து குடியிருக்கும் வீட்டைப் பிடுங்க முடியாது என்ற ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு 1839-ல் குடியரசாக இருந்தபோதே வந்தது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஈடாக வைத்து ஹோம் ஈக்விட்டி கடன் வாங்கவே 1997 திருத்தம் வரை முடியாது. அதற்குப் பிறகும் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான். 2008-ல் மற்ற மாநிலங்களில் வீட்டுக் கடன் சரிந்தபோது இங்கே அடி குறைவாக விழுந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இந்தச் செவ்வாயன்று நிறைவேறிய நான்காவது முன்மொழிவில் பள்ளி வரிக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது வரி போடாமல் விடும் வீட்டு மதிப்பு, 40,000-லிருந்து ஒரு லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது.

பிரேசோஸ்_ராகவன் | நவம்பர் 10, 2023

விலக்கு நல்லதுதான். அதே சொத்து வரி பில்லில் எம்யுடி (நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம்) என்று ஒரு வரி இருக்குமே, கேட்டியில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். அதுவும் இந்தச் சட்டத்தின் குழந்தைதான்.

கவுன்டிக்குச் சொந்தமாகச் சட்டம் இயற்றும் பொது அதிகாரம் கிடையாது. மாநிலம் எழுத்தில் கொடுத்ததை மட்டும் செய்யலாம். 254 கவுன்டிக்கும் ஒரே அச்சு: கவுன்டி ஜட்ஜ் ஒருவர், கமிஷனர்கள் நால்வர். 2020 கணக்கெடுப்பில் 64 பேர் வாழ்ந்த லவிங் கவுன்டிக்கும் அதுதான், 47 லட்சம் பேர் வாழும் ஹாரிஸ் கவுன்டிக்கும் அதுதான். ஹாரிஸில் ஏறத்தாழ இருபது லட்சம் பேர் எந்த நகராட்சியிலும் சேராத இடத்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் குடிநீர், கழிவுநீர்க் குழாய் போடுவது யார்? 1917-ல் நீர்ப் பாதுகாப்புக்காக ஒரு திருத்தம் வந்தது, அதன் வழியே தனித்தனி நீர் மாவட்டங்கள் உருவாகின. வீட்டுமனை போடும் நிறுவனம் முதலில் ஒரு மாவட்டத்தை உருவாக்கும், அது கடன் பத்திரம் விற்றுக் குழாய் போடும், வீடு வாங்குபவர் அந்தக் கடனை வரியாக அடைப்பார். மேலே அரசாங்கத்தைச் சிறிதாக்கினார்கள், கீழே பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சின்ன அரசாங்கங்கள் முளைத்தன. அவற்றின் வாரியத் தேர்தலில் யாராவது வாக்களித்திருக்கிறீர்களா?

நிலா_ஃபிரிஸ்கோ | நவம்பர் 10, 2023

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி பாக்கி. 530 திருத்தம் போட்டு ஒட்டுப் போடுவதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று எழுதிவிடலாமே. யாரும் முயன்றதில்லையா?

ஆஸ்டின்_மீரா | நவம்பர் 10, 2023

முயன்றார்கள். மூன்று வாக்கில் போனது.

1973-ல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ராபர்ட் கால்வர்ட் தலைமையில் 37 பேர் கொண்ட ஆணையம் வரைவு தயாரித்தது. 1974 ஜனவரியில் சட்டமன்றத்தின் 181 உறுப்பினர்களும் அரசியல் சட்ட மாநாடாக உட்கார்ந்தார்கள். மக்களிடம் கொண்டுபோக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 121 வாக்கு வேண்டும். எல்லாம் ஓரளவுக்குக் கூடி வந்தது. தொழிற்சங்கத்தில் சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதியை அரசியல் சட்டத்தில் வைப்பதா வேண்டாமா என்பதில் மாநாடு உடைந்தது. வைத்தால் தொழிலாளர் தரப்பு எதிர்க்கும், எடுத்தால் முதலாளிகள் தரப்பு எதிர்க்கும். ஜூலை 30 அன்று கடைசி வாக்கெடுப்பில் 118 பேர் ஆதரவு. ஏழு மாத உழைப்பு அன்றோடு முடிந்தது.

அடுத்த வருடம் சட்டமன்றம் அதே வரைவை எட்டுத் திருத்தங்களாகப் பிரித்து மக்களிடம் அனுப்பியது. ஆளுநர் டால்ஃப் பிரிஸ்கோ எதிர்த்தார். 1975 நவம்பரில் எட்டும் தோற்றன. புதிய சட்டம் வந்தால் வருமான வரி வந்துவிடும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. 1999-ல் இரண்டு உறுப்பினர்கள் ஒரு வரைவைக் கொண்டுவந்தார்கள், குழுவைத் தாண்டவில்லை. கலிபோர்னியா போல மக்களே கையெழுத்து திரட்டித் திருத்தம் கொண்டுவரும் வழியும் இங்கே இல்லை. சட்டமன்றம் அனுப்பினால்தான் உண்டு.

சுந்தரி_டீச்சர் | நவம்பர் 18, 2023

இந்த இழை தொடங்கியபோது ஆளுநர் நான்காவது சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டியிருந்தார். சிறப்புக் கூட்டம் 30 நாள் வரை, ஆளுநர் சொல்லும் பொருளைத் தவிர வேறெதிலும் சட்டம் இயற்ற முடியாது. இந்த முறை அவர் வைத்ததில் பெரிய பொருள், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் கொடுக்கும் திட்டம். எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு வாரமாக வேறு பேச்சே இல்லை, ஏனென்றால் அரசுப் பள்ளிகளுக்கான கூடுதல் நிதியையும் அதே மசோதாவோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

நேற்று பிரதிநிதிகள் சபை அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து 84-க்கு 63 என்று நீக்கிவிட்டது. ஆளுநரின் சொந்தக் கட்சியிலிருந்து 21 பேர் எதிராக வாக்களித்தார்கள், நிறைய பேர் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். அவர்கள் ஊரில் தனியார் பள்ளியே இல்லை, அரசுப் பள்ளிதான் ஊரின் பெரிய வேலை தரும் இடமும்.

குமார், அதிகாரம் பிரிந்திருப்பது பலம் என்றீர்கள், நேற்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

பிரேசோஸ்_ராகவன் | நவம்பர் 18, 2023

டீச்சர், எனக்கும் நேற்று மகிழ்ச்சிதான். ஆனால் அதே மசோதா செனட்டில் ஒவ்வொரு முறையும் சிரமமில்லாமல் நிறைவேறியதையும் சேர்த்துப் பாருங்கள். துணை ஆளுநர் விரும்பினார், நடந்தது. மார்ச் 5 அன்று கட்சி முதல்நிலைத் தேர்தல். அந்த 21 பேரில் பலர் மறுபடி நிற்க வேண்டும். தனக்கு எதிராக வாக்களித்தவர்களின் தொகுதிக்கு ஆளுநர் நேரில் போய் வேறொருவருக்கு ஆதரவு கேட்பதைத் தடுக்க 1876 சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

நிலா, அந்த முதல்நிலைத் தேர்தலுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு என்று அன்று சொன்னால் போதும். நவம்பரைவிட அங்கே வரும் கூட்டம் குறைவு. உங்கள் ஒரு வாக்குக்கு எடை அங்கேதான் அதிகம்.